விரிதாளுக்கு ஒரு காவல்: மேக்ரோவும் கடவுச்சொல்லும்

நம் இல்லங்களின் வரவு செலவும், சங்கங்களின் சந்தாக் கணக்கும், பள்ளிகளின் மதிப்பெண் பட்டியலும் இன்று பெரும்பாலும் கணிப்பொறியின் விரிதாளிலேயே எழுதப்படுகின்றன. தாளை அமைத்துத் தருபவர் ஒருவர். அதில் நாள்தோறும் எண்களை இடுபவர் வேறொருவர். அமைத்தவர் பெரும்பாலும் வெளியூரில் இருப்பார். இடுபவரோ மூத்தவராக இருப்பார். அல்லது விசைப்பலகையின்முன் அன்றுதான் அமர்ந்த இளையவராக இருப்பார். கூட்டுத்தொகை வரவேண்டிய கட்டத்தில் அவர் தெரியாமல் 412 என்று தட்டிவிட்டால், அங்கிருந்த சூத்திரம் அந்நொடியே அழிந்துபோகும். அழிந்ததற்கான அடையாளம் எதுவும் திரையில் தோன்றாது. மறுநாள் அம்மாணவனின் கணித மதிப்பெண்ணைத் திருத்தினாலும் கூட்டுத்தொகை அசையாமல் 412 என்றே நிற்கும். அவனது தேர்ச்சிப் பட்டியலும் அவ்வாறே அச்சாகிவிடும்.

இந்தக் கேட்டைத் தடுப்பதற்கு எக்செல் என்னும் விரிதாள் மென்பொருளில் ஒரு பூட்டு உண்டு. அந்தப் பூட்டை ஒவ்வொரு தாளிலும் கையால் இடாமல் மேக்ரோ எனப்படும் கட்டளைத் தொகுப்பால் இடுவது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் படிப்படியாகக் காண்போம். அந்தப் பூட்டு எதைக் காக்கும், எதைக் காக்காது என்பதையும் உடன் காண்போம். இரண்டாவது செய்தி முதலாவதைவிட முதன்மையானது என்பது நம் கருத்து. எக்செலைத் திறக்கவும், கட்டத்தில் எண்ணிடவும், கூட்டல் சூத்திரம் எழுதவும் அறிந்தவர்க்கு இப்பாடம் போதுமானது.

விரிதாளின் வரலாறு நீண்டதன்று. 1979-ல் டான் பிரிக்ளின், பாப் ஃபிராங்க்ஸ்டன் என்னும் இருவர் ஆப்பிள் கணிப்பொறிக்காக விசிகால்க் என்பதை உருவாக்கினர். 1985-ல் மெக்கின்டாஷ் கணிப்பொறியிலும், 1987-ல் விண்டோஸிலும் எக்செல் வெளிவந்தது. 1993-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் விஷுவல் பேசிக் மொழி சேர்க்கப்பட்டது. இன்று நாம் எழுதப்போகும் மேக்ரோ அம்மொழியில் அமைந்ததே.

ஆசிரியப் பயிற்சியில் பாடக்குறிப்பு எழுதப் பழகிய நாள்முதல், தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்வதே நம் வழக்கம். ஆகவே பழைய மதிப்பெண் பதிவேட்டிலிருந்து தொடங்குவோம். அப்பதிவேடு மையால் எழுதப்பட்டது. ஓர் எண்ணைத் திருத்த வேண்டுமெனில் பழைய எண்ணை ஒரு கோட்டால் அடித்து, மேலே புதிய எண்ணை எழுதி, அருகில் சுருக்கொப்பம் இடவேண்டும். அடித்த எண்ணும் கண்ணுக்குத் தெரியும். அடித்தவர் யார் என்பதும் தெரியும். மாலையில் பதிவேடு தலைமையாசிரியர் அறையின் இரும்பு அலமாரிக்குள் போய்விடும். அங்கே இரண்டு காவல்கள் இருந்ததை நோக்குக. மையும் சுருக்கொப்பமும் கைப்பிழைக்கு எதிரான காவல். அலமாரியோ அயலார் கண்ணுக்கு எதிரான காவல். விரிதாளிலும் இவை இரண்டும் தனித்தனியே உள்ளன. ஆனால் இரண்டிற்கும் கடவுச்சொல் என்ற ஒரே பெயர் வழங்குவதால் மக்கள் மயங்குகின்றனர். தாள்பூட்டு என்பது மை போன்றது. அதை அலமாரி என்று நம்புவதாலேயே தொல்லைகள் விளைகின்றன.

இனிப் பாடத்துள் புகுவோம். ஒரு வகுப்பில் 40 மாணவர். ஏ பத்தியில் வரிசை எண், பி பத்தியில் பெயர், சி முதல் ஜி வரை ஐந்து பாடங்கள், ஹெச் பத்தியில் கூட்டுத்தொகை, ஐ பத்தியில் சராசரி. முதல் வரி தலைப்பு. இரண்டு முதல் 41 வரையிலான வரிகளில் மாணவர். இங்கு மாற்றத்தக்கவை ஐந்து பாடப் பத்திகளே; ஏனையவை அசையக் கூடாதவை.

எக்செலின் பூட்டு இரண்டு படிகளாக அமைந்தது. ஒவ்வொரு கட்டத்திற்கும் ‘லாக்ட்’ என்னும் பண்பு ஒன்று உண்டு. புதிய தாளில் எல்லாக் கட்டங்களும் பிறவியிலேயே அப்பண்பைப் பெற்றிருக்கும். ஆயினும் தாள் முழுவதற்கும் ‘புரொடெக்ட்’ என்னும் காவலை இடும்வரை அப்பண்பு உறங்கிக்கிடக்கும். இதனை அறியாதவர் நேரே காவலை இட்டுவிட்டு, மதிப்பெண்கூட எழுத முடியவில்லையே என்று திகைப்பர். ஆகவே முதலில் சி2 முதல் ஜி41 வரையுள்ள கட்டங்களைத் தேர்ந்து, கட்ட வடிவமைப்புப் பெட்டியின் ‘புரொடெக்ஷன்’ பக்கத்தில் ‘லாக்ட்’ என்பதன் குறியை நீக்குக. அதன் பின்னரே ‘ரிவ்யூ’ பட்டியில் உள்ள ‘புரொடெக்ட் ஷீட்’ என்பதைச் சொடுக்கிக் கடவுச்சொல் இடுக. மேக்ரோவுக்குப் போகுமுன் இதை ஒரு தாளில் கையாலேயே செய்து பாருங்கள். கையால் செய்யாததை மேக்ரோவால் செய்வது, வாய்ப்பாடு அறியாதவன் கணக்குப்பொறியைத் தட்டுவது போன்றது.

பூட்டுமுன் சூத்திரங்களைச் சரிபார்க்க வேண்டும் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். பூட்டு சரியானதைக் காப்பதுபோலவே பிழையையும் காக்கும். 2010-ல் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்னும் புகழ்பெற்ற பொருளாதார அறிஞர் இருவர், நாடுகளின் கடனையும் வளர்ச்சியையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். பல நாடுகளின் நிதிக்கொள்கை விவாதங்களில் அது மேற்கோளாயிற்று. 2013-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தைச் சேர்ந்த தாமஸ் ஹெர்ன்டன் என்னும் ஆய்வு மாணவர், அவர்களுடைய விரிதாளைக் கேட்டுப் பெற்றுப் பார்த்தபொழுது, சராசரிச் சூத்திரம் 30-ஆம் வரியிலிருந்து 49-ஆம் வரிவரை செல்லாமல் 44-ஆம் வரியோடு நின்றிருந்ததைக் கண்டார். ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் கணக்கிலேயே சேரவில்லை. அந்த ஆய்வுரைமீது எழுந்த குறைகளுள் இது ஒன்றுதான். ஆனால் உலகம் நினைவில் வைத்துக்கொண்டது இதைத்தான். அந்தத் தாளுக்கு எத்துணை உறுதியான கடவுச்சொல் இட்டிருந்தாலும் அப்பிழை அப்படியே இருந்திருக்கும். ஆதலால் ஹெச்2 கட்டத்தின் சூத்திரம் சி2 முதல் ஜி2 வரை செல்கிறதா, ஹெச்41-ன் சூத்திரம் சி41 முதல் ஜி41 வரை செல்கிறதா என இரண்டு முனைகளையும் பார்த்த பின்னரே பூட்டுக.

மேக்ரோ எதற்கு என்ற வினா இப்பொழுது எழும். ஒரு தாளாயின் கையே போதும். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை, வகுப்புக்கு இரண்டு பிரிவு எனக் கொண்டால் பத்துத் தாள்கள். ஒவ்வொன்றிலும் கடவுச்சொல்லை இருமுறை தட்டவேண்டும். ஆக இருபது முறை. திருத்தம் வந்தால் பத்தையும் திறந்து, பின்பு மீண்டும் பூட்டவேண்டும். இத்தகைய சலிப்பான வேலையில் எட்டாவது தாளைப் பூட்டாமல் விட்டுவிடுவது மனித இயல்பு. மேக்ரோவுக்குச் சலிப்பு இல்லை.

விசைப்பலகையில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு எஃப்11 விசையை அழுத்தினால் மேக்ரோ எழுதும் சாளரம் திறக்கும். அங்கு ‘இன்செர்ட்’ பட்டியில் ‘மாடியூல்’ என்பதைச் சொடுக்கினால் வெற்றுத் தாள் ஒன்று தோன்றும். கீழுள்ள வரிகளை அதில் எழுதுக. இங்கே அவற்றைத் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தருகிறோம். கணிப்பொறியில் எல்லாவற்றையும் ஆங்கில எழுத்திலேயே இடவேண்டும். பூட்டுக, தாள், சொல், மறுசொல் என்பன நாம் இட்ட பெயர்கள். அவற்றையும் ஆங்கில எழுத்தில் எழுதுக. மேற்கோளுக்குள் உள்ள வாசகங்களுக்கும் இதுவே விதி. அச்சாளரம் தமிழ் எழுத்தை ஏற்காமல் கேள்விக்குறிகளாக மாற்றிவிடும். இத்தனை ஆண்டுகள் கழிந்தும் இக்குறை நீங்காதது வியப்பே.

சப் பூட்டுக()
டிம் தாள் ஆஸ் ஒர்க்ஷீட்
டிம் சொல் ஆஸ் ஸ்ட்ரிங், மறுசொல் ஆஸ் ஸ்ட்ரிங்
சொல் = இன்புட்பாக்ஸ்("கடவுச்சொல் யாது?")
இஃப் சொல் = "" தென் எக்ஸிட் சப்
மறுசொல் = இன்புட்பாக்ஸ்("மீண்டும் ஒருமுறை")
இஃப் சொல் <> மறுசொல் தென்
எம்எஸ்ஜிபாக்ஸ் "இரண்டும் பொருந்தவில்லை"
எக்ஸிட் சப்
எண்ட் இஃப்
ஃபார் ஈச் தாள் இன் திஸ்ஒர்க்புக்.ஒர்க்ஷீட்ஸ்
தாள்.புரொடெக்ட் பாஸ்வேர்டு:=சொல்
நெக்ஸ்ட் தாள்
எண்ட் சப்

வரிவரியாகப் பொருள் காண்போம். ‘சப்’ என்பது தொடக்கம். ‘எண்ட் சப்’ முடிவு. ‘டிம்’ வரிகள், இன்ன பெயர் இன்ன வகைப் பொருளைக் குறிக்கும் என்று முன்னறிவிப்பவை. ‘இன்புட்பாக்ஸ்’ பயனரிடம் ஒரு வினாவைக் கேட்டு விடையைப் பெறும். பயனர் மனம் மாறி விலக்கிவிட்டால் வெற்றுச்சொல்லே கிடைக்கும். வெற்றுச்சொல்லால் பூட்டினால் தாள் பூட்டியதுபோல் தோன்றும். ஆனால் யார் வேண்டுமானாலும் கேள்வியின்றித் திறக்கலாம். அதனாலேயே ஐந்தாம் வரி மேக்ரோவை அங்கேயே நிறுத்துகிறது.

கடவுச்சொல்லை இருமுறை கேட்பது ஏன்? கையால் பூட்டும்பொழுது எக்செலே இருமுறை கேட்டுச் சரிபார்க்கும். மேக்ரோவால் பூட்டும்பொழுது அவ்வாறு கேட்பதில்லை. கொடுத்ததை அப்படியே ஏற்றுக்கொள்ளும். ஓர் எழுத்துப் பிறழ்ந்தால் பத்துத் தாள்களும் எவரும் அறியாத சொல்லால் ஒரே நொடியில் பூட்டப்பட்டுவிடும். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகவே கொள்ளப்படும் என்பதால் இப்பிறழ்ச்சி எளிதில் நேரும். இணையத்திலும் நூல்களிலும் காணப்படும் மேக்ரோக்கள் பலவற்றில் இந்தச் சரிபார்ப்பு இராது. எழுதியவர் விரல் தடுமாறாதவர் போலும்!

‘ஃபார் ஈச்’ முதல் ‘நெக்ஸ்ட்’ வரையுள்ள மூன்று வரிகளே உண்மையான வேலையைச் செய்பவை. பணிப்புத்தகத்தில் உள்ள ஒவ்வொரு தாளையும் வரிசையாக எடுத்துப் பூட்டுகின்றன. முன்பே பூட்டிய தாளைத் தொடாமல் விடவேண்டுமாயின் ‘இஃப் தாள்.புரொடெக்ட்கண்டென்ட்ஸ் = ஃபால்ஸ் தென்’ என்பதைப் பூட்டும் கட்டளையின் முன்னே சேர்த்து ஒரே வரியாக எழுதலாம். திறக்கும் மேக்ரோவும் இதே வடிவினதே. ‘புரொடெக்ட்’ இருக்கும் இடத்தில் ‘அன்புரொடெக்ட்’ என மாற்றி, சொல்லை ஒருமுறை மட்டும் கேட்டால் போதும். தவறான சொல்லை இட்டால் 1004 என்னும் எண்ணுடன் பிழைச்செய்தி தோன்றும், அஞ்ச வேண்டியதில்லை.

‘இன்புட்பாக்ஸ்’ பெட்டியில் தட்டும் எழுத்துகள் திரையில் வெளிப்படையாகத் தெரியும். அருகில் நிற்பவர் படித்துவிடுவார் என்ற அச்சம் இருப்பின், ‘யூசர்ஃபார்ம்’ என்னும் படிவத்தை அமைத்து, அதன் எழுத்துப்பெட்டியில் ‘பாஸ்வேர்டுகேர்’ என்னும் பண்பிற்கு ஒரு நட்சத்திரக் குறியை இடலாம். வீட்டுக் கணக்கிற்கு இவ்வளவு தேவையில்லை.

கோப்பைச் சேமிக்கும்பொழுது ஒன்றை மறவற்க. 2007-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், மேக்ரோ உள்ள பணிப்புத்தகத்திற்கு எக்ஸ்எல்எஸ்எம் என்னும் தனி வகை உண்டு. வழக்கமான எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வகையாகச் சேமித்தால், எழுதிய மேக்ரோ முழுதும் நீங்கிவிடும். தாள்களின் பூட்டோ நீங்காது. ஏனெனில் பூட்டு கோப்பில் பதிவது. மேக்ரோ அதை இடும் கை மட்டுமே.

அடுத்த நிலைக்குச் செல்வோம். பூட்டிய தாளில் மேக்ரோவே ஒரு வேலையைச் செய்யவேண்டிய தேவை வரும். மாணவரைக் கூட்டுத்தொகைப்படி இறங்குவரிசையில் அடுக்கவேண்டும் என்று கொள்வோம். பூட்டு மேக்ரோவையும் தடுக்கும். ஆதலால் திறந்து, அடுக்கி, மீண்டும் பூட்டவேண்டும். இந்த மூன்றையும் மூன்று வரிகளாக எழுதிவிட்டால் போதும் என்று தொடக்கநிலையில் உள்ளோர் எண்ணுவர். திறந்த பின்பு, அடுக்கும்பொழுது பிழை நேர்ந்தால் என்ன ஆகும்? மேக்ரோ நடுவிலேயே நின்றுவிடும். பூட்டும் வரி நிறைவேறாது. தாள் திறந்தே கிடக்கும். சுண்ணக்கட்டி எடுக்க அலமாரியைத் திறந்தவர், மணியொலி கேட்டு அப்படியே வகுப்புக்கு ஓடுவதைப் போன்றது இது. இதைத் தடுக்கும் முறை வருமாறு:

தாள்.அன்புரொடெக்ட் பாஸ்வேர்டு:=சொல்
ஆன் எரர் கோடூ முடிவு
தாள்.ரேஞ்ச்("ஏ1:ஐ41").சார்ட் கீ1:=தாள்.ரேஞ்ச்("ஹெச்1"), ஆர்டர்1:=எக்ஸ்எல்டிசெண்டிங், ஹெட்டர்:=எக்ஸ்எல்யெஸ்
முடிவு:
தாள்.புரொடெக்ட் பாஸ்வேர்டு:=சொல்
இஃப் எர்ர்.நம்பர் <> 0 தென் எம்எஸ்ஜிபாக்ஸ் எர்ர்.டிஸ்கிரிப்ஷன்

இவ்வரிகளின் முன்னே சொல்லைக் கேட்கும் வரியும், ‘செட் தாள் = ஆக்டிவ்ஷீட்’ என்னும் வரியும் இருத்தல் வேண்டும். ‘ஆன் எரர் கோடூ முடிவு’ என்பதன் பொருள், பிழை நேரின் ‘முடிவு’ என்று பெயரிட்ட இடத்திற்குத் தாவுக என்பதாம். பிழை நேர்ந்தாலும் நேராவிட்டாலும் பூட்டும் வரி நிறைவேறியே தீரும். அவ்வரி, திறக்கும் வரிக்குப் பின்னால் வைக்கப்பட்டிருப்பதையும் நோக்குக. கடவுச்சொல்லே தவறு எனில் மேக்ரோ முதல் வரியிலேயே நின்றுவிட வேண்டும். தவறான சொல்லை ஏந்திக்கொண்டு பூட்டும் வரிவரை செல்லக் கூடாது. வரிகளின் முறைமாற்றம் ஒன்றே நன்மைக்கும் தீமைக்கும் காரணமாவதை மாணவர்க்குக் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நமக்குக் கிட்டியதில்லை.

இங்கே இரண்டு நுட்பங்கள் உண்டு. கையால் பூட்டும்பொழுது, வடிகட்டிப் பார்க்கலாம், பத்தியின் அகலத்தை மாற்றலாம் என்று சில சலுகைகளைக் குறியிட்டு வழங்கலாம். மேக்ரோ வெறுமனே ‘புரொடெக்ட்’ என்று பூட்டினால் அச்சலுகைகள் அனைத்தும் நீங்கிவிடும். அவை தொடர்ந்து வேண்டுமெனில், ‘அலவ்ஃபில்டரிங்:=ட்ரூ’, ‘அலவ்ஃபார்மேட்டிங்காலம்ஸ்:=ட்ரூ’ என ஒவ்வொன்றையும் பூட்டும் வரியிலேயே எழுதவேண்டும். மற்றொன்று, தாளை மாற்றும் மேக்ரோ ஒன்று ஓடியபின், அதற்கு முன் செய்தவற்றை ‘அன்டூ’ கொண்டு மீட்க இயலாது. ஆகவே முதன்முறை சோதிக்கும்பொழுது கோப்பின் படியொன்றை வைத்துக்கொண்டு சோதிக்க.

திறந்து மூடும் தொல்லையின்றி வேறொரு வழியும் உண்டு. பூட்டும் வரியில் ‘யூசர்இன்டர்ஃபேஸ்ஒன்லி:=ட்ரூ’ என்று சேர்த்தால், பூட்டு மனிதர் கையை மட்டும் தடுக்கும்; மேக்ரோவுக்கு வழிவிடும். கேட்க இனிமையாக இருக்கும் இவ்வசதியில் ஒரு குறை உண்டு. இந்தக் குறிப்புக் கோப்பில் சேமிக்கப்படுவதில்லை. கோப்பை மூடித் திறந்தால் பூட்டு இருக்கும், சலுகை இராது. ஆதலால் ‘ஒர்க்புக் ஓப்பன்’ எனும் நிகழ்வில், கோப்பைத் திறக்கும்தோறும் அதைப் புதிதாக இடவேண்டும். அதற்குக் கடவுச்சொல்லைப் பயனரிடம் ஒவ்வொரு நாளும் கேட்கவேண்டும். அல்லது மேக்ரோவுக்குள்ளேயே எழுதிவைக்கவேண்டும். பெரும்பாலோர் இரண்டாவதையே தேர்ந்தெடுக்கின்றனர். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே விட்டுச்செல்வதற்கு ஒப்பானது அது. ஆல்ட், எஃப்11 விசைகளை அறிந்த எவரும் அச்சொல்லைப் படித்துவிடலாம். மேக்ரோ எழுதும் சாளரத்திற்கும் தனிக் கடவுச்சொல் இடலாம் என்பது உண்மையே. ஆனால் அந்தப் பூட்டும் மெலிந்தது, அதை நீக்கும் வழிகள் பலரும் அறிந்தவை. ஆகவேதான் நம் மேக்ரோவில் சொல்லை எழுதாமல் ஒவ்வொரு முறையும் கேட்கிறோம்.

இதுவரை மையைப் பற்றிச் சொன்னோம். இனி அலமாரியைப் பற்றிச் சொல்வோம்.

தாள்பூட்டு எத்துணை வலியது? 2010-ஆம் ஆண்டுப் பதிப்பு வரை, நாம் இடும் கடவுச்சொல்லை எக்செல் அப்படியே வைத்துக்கொள்ளாமல் ஒரு சிறிய எண்ணாகச் சுருக்கி வைத்தது. அவ்வெண் மிகச் சிறியதாகையால் வெவ்வேறு சொற்கள் பல ஒரே எண்ணாகச் சுருங்கின. நாம் இட்ட சொல்லே வேண்டுமென்பதில்லை. அதே எண்ணாகச் சுருங்கும் வேறொரு பொருளற்ற சொல்லும் பூட்டைத் திறந்துவிடும். இதனை அறிந்தோர் ஒரு மேக்ரோ எழுதினர். பதினோர் இடங்களில் ஏ அல்லது பி என்னும் எழுத்தையும், பன்னிரண்டாம் இடத்தில் 95 குறிகளுள் ஒன்றையும் வைத்து மாற்றி மாற்றிப் பார்ப்பது அதன் வேலை. இரண்டைப் பதினொரு முறை பெருக்கினால் 2,048. அதனை 95-ஆல் பெருக்கினால் 1,94,560. மனிதர்க்கு இது பெருந்தொகை. கணிப்பொறிக்குச் சில நிமிட வேலை. உயர்நிலை மாணவர்க்குச் சேர்மானக் கணக்குக் கற்பிப்போர் இதை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

2013-ஆம் ஆண்டுப் பதிப்பில் இச்சுருக்கும் முறை வலுப்படுத்தப்பட்டது. அப்பதிப்பிலும் பின்னர் வந்தவற்றிலும் பூட்டிய புதிய வகைக் கோப்புகளில் பழைய மேக்ரோ பலிக்காது. எனினும் தாள்பூட்டு அலமாரியாகிவிடவில்லை. இன்றைய எக்செல் கோப்பு என்பது சுருக்கிக் கட்டிய பல சிறு கோப்புகளின் மூட்டை. அதை அவிழ்த்தால், தாளின் செய்திகள் அனைத்தும் எவரும் படிக்கத்தக்க எழுத்துகளாகவே உள்ளிருக்கும். பூட்டு என்பது அவற்றினிடையே உள்ள ஒரு குறிப்பு. அக்குறிப்பை அழித்து மூட்டையை மீண்டும் கட்டினால் பூட்டும் இல்லை. ஆகவே வங்கிக் கணக்கிற்கோ மின்னஞ்சலுக்கோ பயன்படுத்தும் கடவுச்சொல்லைத் தாள்பூட்டிற்கு ஒருபோதும் இடற்க.

தாளை மறைத்துவைப்பது இன்னும் மெலிந்த காவல். மறைத்த தாளை இரண்டே சொடுக்கில் வெளிக்கொணரலாம். மேக்ரோவில் ‘தாள்.விசிபிள் = எக்ஸ்எல்வெரிஹிடன்’ என்று எழுதினால் பட்டியலில்கூட அத்தாளின் பெயர் தோன்றாது; ஆனால் மேக்ரோ சாளரத்தைத் திறந்தால் அங்கே தென்படும். 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்தில் நிகழ்ந்ததை இங்கு நினைவுகூர்தல் தகும். காவல்துறையில் எந்தெந்தப் பதவியில் எத்தனை பேர் உள்ளனர் என்று தகவல் அறியும் சட்டத்தின்கீழ் ஒருவர் கேட்டிருந்தார். எண்ணிக்கைகள் அடங்கிய விரிதாள் விடையாக இணையத்தில் வெளியாயிற்று. அவ்வெண்ணிக்கைகளைப் பெறப் பயன்பட்ட மூலப்பட்டியல், அதே கோப்பில் மறைந்த தாளாக ஒட்டிக்கொண்டிருந்தது. 9,483 காவலர், பணியாளரின் குடும்பப் பெயரும் முதலெழுத்தும் பதவியும் பணியிடமும் அதில் இருந்தன. காவல்துறையில் பணிபுரிவதை அண்டை வீட்டாரிடமும் சொல்லாமல் வாழ்வோர் பலர் உள்ள மண் அது. 2024-ல் பிரித்தானியத் தகவல் ஆணையர் அலுவலகம் அக்காவல்துறைக்கு 7,50,000 பவுண்டு தண்டம் விதித்தது. நம் வகுப்பின் மதிப்பெண் பட்டியலை ஒரு பெற்றோருக்கு அனுப்பும்பொழுதும், மறைந்த தாள்களில் பிற பிள்ளைகளின் செய்தி உளதா என்று பார்ப்பது கடமை. பார்ப்பதினும் எளிய வழி, அனுப்பவேண்டிய தாளின் மதிப்புகளை மட்டும் புதிய கோப்பில் ஒட்டி அனுப்புவதே.

அயலார் கண்ணுக்கு எதிரான மெய்யான காவல், கோப்பைத் திறப்பதற்கே கடவுச்சொல் இடுவது. ‘ஃபைல்’ பட்டியில் ‘இன்ஃபோ’ என்பதன்கீழ் ‘என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு’ என்று அது உள்ளது. 2007-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் இது ஏஇஎஸ் எனப்படும் வலிய மறையாக்க முறையைக் கையாள்கிறது. மூட்டை முழுதும் புரியாத குறிகளாக மாறிவிடுவதால் அவிழ்த்துப் பார்த்தும் பயனில்லை. மேக்ரோவிலும் இதைச் செய்யலாம்; ‘சேவ்ஆஸ்’ கட்டளையில் ‘பாஸ்வேர்டு:=சொல்’ என்று சேர்க்கவேண்டும். அங்கே ‘ரைட்ரெஸ்பாஸ்வேர்டு’ என மற்றொன்றும் காணப்படும். அது மாற்றி எழுதுவதை மட்டும் தடுப்பது, படிப்பதைத் தடுப்பதன்று. பெயர் ஒற்றுமையால் ஏமாறற்க.

வலிய பூட்டுக்கு வலிய விலை உண்டு. தாள்பூட்டின் சொல்லை மறந்தால் மேற்கூறிய வழிகளால் மீளலாம். கோப்பின் கடவுச்சொல்லை மறந்தால் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே மீட்டுத் தர இயலாது. அந்நிறுவனமே அவ்வாறு அறிவித்துள்ளது. குடும்பத்தின் நிலவரிக் குறிப்பும், வைப்புநிதி முதிரும் நாள்களும், யாருக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும் என்னும் கணக்கும் ஒரே கோப்பில் இருந்து, அதன் சொல் ஒருவர் நினைவில் மட்டும் இருக்குமாயின், அவர் நோயுற்றாலோ மறைந்தாலோ குடும்பம் என்ன செய்யும்? நம் வயதொத்தோர் இதை நாணமின்றிப் பேசவேண்டும். சொல்லை ஒரு தாளில் மையால் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, வீட்டுப் பத்திரங்களோடு வைப்பதே நாம் பரிந்துரைக்கும் முறை. கணிப்பொறியை நன்கறிந்த இளையோர் சிலர் இதைக் கேட்டு நகைப்பர்; நகைக்கட்டும். உறையின்மேல் கோப்பின் பெயரையும் எழுதிய நாளையும் குறிக்க. சொல்லை மாற்றும்பொழுது உறையையும் மாற்றுக.

மேக்ரோ எழுதிய கோப்பைப் பிறருக்கு அனுப்பும்பொழுது நேரும் ஒரு தடங்கலையும் சொல்லிவிடுவோம். மேக்ரோ வழியாகத் தீநிரல்கள் பரவுவது பழைய செய்தி. 1999-ல் மெலிசா என்பது வேர்டு ஆவணத்தின் மேக்ரோவில் ஒளிந்து மின்னஞ்சல் வழியே உலகெங்கும் பரவியது. 2022 முதல், இணையம் வழியே வந்த கோப்புகளின் மேக்ரோக்களை எக்செல் தானாகவே தடுக்கிறது. நாம் அனுப்பிய கோப்பும் அதற்கு அயலார் கோப்பே. பெறுபவர் கோப்பின்மேல் வலச்சொடுக்குச் செய்து, ‘பிராப்பர்ட்டீஸ்’ பெட்டியில் ‘அன்பிளாக்’ என்பதைக் குறியிட்டால் மேக்ரோ இயங்கும். அனுப்பியவர் யாரென அறிந்து, தொலைபேசியில் ஒருமுறை கேட்டறிந்த பின்னரே இதைச் செய்யவேண்டும். முகமறியாதார் அனுப்பிய மேக்ரோவுக்கு ஒருநாளும் வழிவிடற்க.

பயிற்சிக்காக மூன்று வேலைகள் தருகிறோம். மூன்று தாள்கள் கொண்ட பணிப்புத்தகம் ஒன்றை அமைத்து, மதிப்பெண் கட்டங்களை மட்டும் திறந்துவிட்டு, மேக்ரோவால் மூன்றையும் பூட்டுக. பின்பு கூட்டுத்தொகைக் கட்டத்தில் ஓர் எண்ணைத் தட்டி, எக்செல் மறுக்கிறதா எனக் காண்க. அடுத்து, அடுக்கும் மேக்ரோவில் ‘ஏ1:ஐ41’ என்பதை வேண்டுமென்றே பொருளற்ற பெயராக மாற்றி ஓட்டுக; பிழைச்செய்தி தோன்றியபின் தாள் பூட்டியே இருக்கவேண்டும். இறுதியாக, பூட்டும் மேக்ரோவில் முதல்முறை ஒரு சொல்லையும் இரண்டாம் முறை வேறொரு சொல்லையும் இடுக. ‘இரண்டும் பொருந்தவில்லை’ என்னும் செய்தி வராமல் தாள்கள் பூட்டிக்கொண்டால், ‘இஃப் சொல் <> மறுசொல்’ என்னும் வரியில் பெயர்களின் எழுத்துக்கோவை மேலே ‘டிம்’ வரியில் உள்ளதோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள்.